சாம்பல் வரிசை

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. உமையாள் சொன்னபோது மழை இருந்தது. பெலிக்ஸ் சொன்னபோது நல்ல வெயில். யார் முதலில் பேசினார்கள் என்பதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கேட்டதைக் கேட்டபடியே நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் எனக்கும் கிடையாது. விட்டுப்போன இடங்களை நானே இட்டு நிரப்பியிருக்கக்கூடும். அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

கோயம்புத்தூரில் சரவணம்பட்டியைத் தாண்டி, மூச்சுக் கருவி செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. கருவி தீப்பெட்டி அளவுதான். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். நரம்புக் காய்ச்சல் ஊரெல்லாம் வந்துபோன ஆண்டுகளில் எத்தனையோ பேருக்கு நுரையீரலை விரித்துச் சுருக்கும் நரம்பு பழுதாகிவிட்டிருந்தது. சும்மா படுத்திருந்தால் அவர்களுக்கு அரைகுறையாக மூச்சு வரும். எழுந்து நடந்தால் போதாது. போதாததைக் கருவி கொடுத்தது.

அதே ஆண்டுகளில் சிப் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கம்பெனி கையில் அகப்பட்ட சிப்பையெல்லாம் வாங்கிக் கருவிக்குள் வைத்தது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே மூளை வேறு வேறு. கருவிக்கான நிரல், அதாவது புரோகிராம், ஒன்றுதான் என்றாலும், ஒவ்வொரு சிப்புக்கும் அதைத் தனியாகக் கட்டி, தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதனைக் கூடத்தின் சுவரில் பெரிய திரை. சிப்புக்கு ஒரு வரிசை. தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரிசை மட்டும் எப்போதும் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. அந்தச் சிப்பைச் செய்த தொழிற்சாலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மேசையில் வைத்துச் சோதிக்க அந்தச் சிப் பதித்த ஒரு போர்டுகூட இல்லை. அந்தச் சிப்பைச் சுமந்தவர்களின் நெஞ்சுக்குள், கருவியைப் பொருத்திய நாளின் பழைய நிரலே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சோதனைக் கூடத்தின் பொறுப்புக்கு வந்த முதல் வாரமே உமையாளுக்கு அந்தச் சாம்பல் கண்ணில் தூசியாக உறுத்தியது.

"அந்த வரிசையிலயும் மனுசங்க இருக்காங்கல்ல சார்?" என்று சென்னியப்பனிடம் கேட்டாள். நிரல் எழுதுவோருக்கெல்லாம் அவர்தான் தலைவர். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர்.

"இருக்கறாங்க அம்மணி."

"அப்ப ஏன் யாரும் சோதிக்கல?"

"போர்டு இல்லீங்களே."

"எமுலேட்டர் எழுதலாமே சார். சர்வருக்குள்ளயே அந்தச் சிப்பு மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம். நானே எழுதறேன்."

"வேண்டாம்."

"ஏன் சார்?"

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் கேட்ட கேள்விக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பதில் சொல்கிற மனிதர் அவர். அன்று சாப்பாட்டுக்குப் பிறகும் பதில் வரவில்லை. அந்த மௌனத்தை உமையாள் சோம்பல் என்று எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் அகம்பாவம் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு அவரைத் தாண்டி நிர்வாகத்திடம் போனாள். புதிய நிரல் முந்தையதைவிட எவ்வளவோ மேல். மூச்சுக்கு மூச்சு உடம்பின் தேவையை அளந்து கொடுப்பது. அது ஒரு சிலருக்கு மட்டும் கிடைக்காமல் போவது அநியாயம் என்றாள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். சென்னியப்பன் மட்டும், "தொடாதது ஓடிட்டு இருக்குது. ஓடட்டும்," என்றார்.  முடிவு உமையாளின் பக்கம் வந்தது.

அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. வேறொரு கருவிக் கம்பெனி, நல்ல திருத்தங்களை நோயாளிகளுக்கு அனுப்பாமல் பதுக்கியது அம்பலமான பிறகு வந்த சட்டம். சோதனையில் தேறிய நிரலை நிறுத்திவைக்கக் கூடாது. திரையில் பச்சை விழுந்த கணமே, அந்த வரிசையில் உள்ளவர்களின் வீட்டுப் பெட்டிகளுக்கு அது போய்விடும். படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி அதைக் கருவிக்குக் கடத்திவிடும். நடுவில் யாரும் கை நீட்டித் தடுக்க முடியாது.

உமையாள் எமுலேட்டரை எழுதி முடித்தாள். ஒரு நாள் காலை, வேலைக்கு எல்லோரும் வந்து சேர்வதற்குள், சாம்பல் வரிசை பச்சையாகியிருந்தது.

திரையில் சிவப்பே இல்லாத நாளில் மைசூர்பாகு வாங்குவது அங்கே வழக்கம். பெலிக்ஸ் வாங்கி வந்தான். திண்டுக்கல்காரன், கருவிகளோடு பேசும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

"அக்கா, இந்தத் திரை இப்படிப் பச்சையா இருந்து நான் பாத்ததே இல்ல. நெல்லு வயல் மாதிரி இருக்கு. ஆடு மேய்ச்சிருவாங்க, பாத்துக்கங்க."

உமையாள் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்துப் போய்ச் சென்னியப்பனிடம் நீட்டினாள். கொஞ்சம் வெற்றிக் களிப்பும் அதில் இருந்தது. அதை அவள் பிறகு மறுக்கவில்லை.

அவர் இனிப்பைக் கையில் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"போயிருச்சுங்களா?"

"காலையிலேயே போயிருச்சு சார்."

"அடுத்த வாரம்தான் முடியும்னு நெனச்சேன். அந்தச் சிப்பு நத்தை. அத்தனை சோதனையும் ஓட்டி முடிக்க நாளு புடிக்குமே?"

"எமுலேட்டர்ல சட்டுன்னு ஓடிருச்சு சார். சர்வர் வேகம்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு இருந்தார்.  சொன்ன வார்த்தையை உமையாள் தன் காதாலேயே இரண்டாம் முறை கேட்டாள். 

"அந்தச் சிப்புக்குத் தசமக் கணக்கு நேரா வராது அம்மணி," என்றார் அவர் மெதுவாக. "ஒவ்வொண்ணையும் முழு எண்ணா ஒடச்சு, போட்டு, சேத்துத்தான் விடை சொல்லும். பழைய நிரல்ல கணக்குக் கம்மி. புதுசுல ஒவ்வொரு மூச்சுக்கும் கணக்கு. விடை சரியான்னு பாத்தீங்க. அடுத்த மூச்சுக்கு முன்னால வந்துச்சான்னு பாத்தீங்களா?"

"மத்த வரிசைக்கெல்லாம் அப்படி ஒரு சோதனையே இல்லையே சார்."

"மத்ததெல்லாம் நெஜ போர்டு. லேட்டானா அதுவே நின்னுபோயி செவப்புக் காட்டிரும். அதனால நேரத்துக்குன்னு ஒரு சோதனை எழுதணும்னு நம்மள்ல ஒருத்தருக்கும் தோணல. எனக்கும்தான்."

நிஜ போர்டுகளோடு வாழ்ந்து பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. நேரம் என்ற ஒன்றை அவர்கள் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. இலவசமாக வந்துகொண்டிருந்தது.

"லேட்டானா என்ன ஆகும்?" பெலிக்ஸ் கேட்டான். இனிப்பு இன்னும் அவன் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது.

"குறிச்ச நேரத்துல விடை வரலைன்னா சிப்பு தன்னைத்தானே அணைச்சு மறுபடி எழுப்பிக்கும். அது எந்திரிக்கற வரைக்கும் மூச்சு இல்ல. சும்மா இருக்கறவங்களுக்குப் பரவால்ல. மூச்சு மெதுவா இருக்கும், கணக்குப் போட நேரம் இருக்கும். படியேறினா, ஓடினா..." சென்னியப்பன் நிறுத்தினார். "பயந்தா. பயந்தா மூச்சு வேகமாகும். கணக்கு தப்பும். கருவி நிக்கும். நின்னா இன்னும் பயம் வரும்."

பெலிக்ஸ் தன் இடத்துக்கு ஓடினான். உமையாளும் பின்னாலேயே ஓடினாள். உடுமலைப்பேட்டையில் ஒரு கருவி அன்று காலை மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்திருந்தது. பிறகு எழவில்லை. கருவியைச் சுமந்தவர் பெயர் தனபாக்கியம். ஸ்பீக்கரைப் போட்டு, பதிவிலிருந்த கைபேசி எண்ணைக் கூப்பிட்டான். மகள் எடுத்தாள்.

"அம்மா மாடியில துணி காயப்போடப் போனாங்கண்ணா. படியிலயே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். நீங்க யாருங்கண்ணா பேசறது?"

 அவன் பதில் சொல்வதற்குள் மறுமுனையில் பின்னால் யாரோ அலறும் சத்தம் கேட்டது. மகளும் போனைப் போட்டுவிட்டு ஓடினாள். இணைப்பு துண்டிக்கப்படாமல் கிடந்தது. என்ன ஆயிற்று என்று அதிலிருந்தே அவனும் உமையாளும் தெரிந்துகொண்டார்கள். சென்னியப்பன் அப்போது தன் அறைக்குப் போயிருந்தார்.

பழைய நிரலைத் திருப்பி அனுப்ப முடியும். ஆனால் அதற்கும் கருவி ஒருமுறை அணைந்து எழ வேண்டும். அதுவும் வழக்கத்தைவிட நெடுநேரம் அணைந்திருக்கும். ஆள் பெட்டிக்குப் பக்கத்தில், அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். கலங்கியிருந்தால் அந்த இடைவெளியைத் தாங்கமாட்டார்கள்.

"அக்கா, போன் பண்ணி உண்மையச் சொன்னா?"

"சொன்னா பயப்படுவாங்க."

"பயந்தா?"

உமையாள் அந்த வரிசையில் உள்ளவர்களின் போன் எண்களை எடுத்தாள். அவளுக்குப் பொய் பேச வராது. அதில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு. தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று அந்தக் கம்பெனியில் எல்லோரிடமும் வாதாடியவள் அவள்தான். இப்போது அந்த உரிமையைக் கொடுத்தாலே ஆள் செத்துப்போவார்.

அந்தச் சிப்போடு மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பேட்டரி சோதனை என்றாள். பெரும்பாலானோர் சரி என்று படுத்தார்கள். பெலிக்ஸ் திரையில் மூச்சின் கோடு சமமாகும்வரை காத்திருந்து, பொத்தானை அழுத்தினான். ஒவ்வொரு முறையும் கோடு அறுந்தது. ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தது.

பொள்ளாச்சியில் கடிகாரக் கடை வைத்திருக்கும் மொய்தீன் பாவாவிடம்தான் சிக்கியது.

"பாவா, சும்மா ஒரு சின்ன சோதனைதான். நீங்க கொஞ்சம் நிம்மதியா படுத்துக்கறீங்களா? நல்லா இருக்கீங்கல்ல? ஒண்ணும் கவலைப்படாதீங்க."



"ஏம்மா, இத்தன வருசத்துல உங்க கம்பெனில யாரும் எங்கிட்ட நல்லா இருக்கீங்களான்னு கேட்டதில்ல. நீ இவ்ளோ பிரியமா பேசறதப் பாத்தா எனக்கு எங்கயோ இடிக்குதே. எதும் வில்லங்கமா?"

பெலிக்ஸின் திரையில் கோடு நெருக்கி நெருக்கி ஓடத் தொடங்கியது. அவன் கையை உயர்த்தி எச்சரித்தான்.

உமையாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குரலை மாற்றினாள். உயிரே இல்லாத, சப்பையான குரல்.

"வாடிக்கையாளரின் கவனத்திற்கு. விதிமுறைகளை வாசிக்கிறேன், படுத்த நிலையில் கேட்கவும். பிரிவு ஒன்று. கருவி என்பது இந்த ஒப்பந்தத்தில் கருவியையும் கருவியின் பாகங்களையும் குறிக்கும். பாகங்கள் என்பது..."

"அட, இதுக்குத்தானா? இதச் சொல்ல எதுக்கும்மா தேனு தடவுன?"

"இடையில் பேச வேண்டாம் சார். முதல்லேர்ந்து வாசிக்க வேண்டிவரும். பிரிவு ஒன்று."

"யா அல்லா. வாசி, வாசி. நான் சாஞ்சுக்கறேன்."

அவள் வாசித்தாள். இல்லாத பிரிவுகளையெல்லாம் உண்டாக்கி வாசித்தாள். தனபாக்கியத்தின் மகளுடைய குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் மேலேயே வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் போனில் குறட்டை கேட்டது. பெலிக்ஸ் பொத்தானை அழுத்தினான். குறட்டை நின்றது. அறையில் இருவரும் அசையவில்லை. பிறகு ஒரு பெரிய இழுப்போடு குறட்டை மறுபடி தொடங்கியது.

உமையாள் போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தாள்.

"அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றான் பெலிக்ஸ். அவன் குரல் சரியில்லை. "பேரு இல்ல. கம்பெனி ஆரம்பிச்சப்ப முதமுதல்ல யாருக்கோ பொருத்தினது. கருவி எங்க இருக்குன்னு பாத்தா..." திரையை அவள் பக்கம் திருப்பினான். "நம்ம கட்டடத்துலதான் இருக்கு."

சென்னியப்பன் தன் நாற்காலியில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைசூர்பாகு தொடப்படாமல் மேசையில் இருந்தது. அவர் அந்த அறைக்கு வந்ததிலிருந்து அசையவே இல்லை என்பது உமையாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மத்தவங்க முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது சார்." அவள் அவர் எதிரே வந்து நின்றாள். "ஏன் சார் சொல்லல?"

"முதல்லயே சொல்லியிருந்தா, தன் உசுருக்குப் பயந்துட்டு நல்லதத் தடுக்கறான்னுதான பேசியிருப்பாங்க? எனக்கே அந்தச் சந்தேகம் இருந்துச்சு அம்மணி. பயமா, நெசமாலுமே காரணமான்னு. அதான் வாயத் தொறக்கல." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே அவர் நிதானமாக இடைவெளி விட்டார். "இன்னிக்கு... அவங்கள முன்னால பாருங்கன்னுதான் இருந்தேன். உடுமலை அம்மா எப்படி இருக்கறாங்க?"

"அட்மிட் பண்ணியிருக்காங்க சார். பரவாயில்லையாம்."

அவள் சொன்ன மிகப் பெரிய பொய் அது. அவர் அதை நம்பினாரா, நம்பியதாக இருந்துவிடுவது என்று முடிவெடுத்தாரா, அவளுக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

சோதனைக் கூடத்தில் ஒரு பெட்டி இருந்தது, காலையில் புதிய நிரல் அவருக்கு வந்ததும் அதன் வழியாகத்தான். அதன் அருகே ரப்பர் விரிப்பைப் போட்டுப் படுக்கவைத்தார்கள். படுத்ததும் அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"எனக்குப் பயமா இருக்குது அம்மணி," என்றார், மணி என்ன என்று சொல்வதைப்போல. "அடுத்தவங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு படியும் தெரியுது. இப்ப கணக்கு ஆரம்பிக்குது, இப்ப முடியணும்னு..."

வார்த்தை அறுந்தது. கண்கள் அகன்றன. நெஞ்சு அப்படியே நின்றது. பெலிக்ஸ் 'சார்' என்று கத்தப்போய் வாயைப் பொத்திக்கொண்டான். நீண்ட, பொறுக்க முடியாத ஒரு காலத்துக்குப் பிறகு நெஞ்சு மறுபடி ஏறியது. வேகமாக ஏறியது. அடுத்த முடக்கம் இன்னும் சீக்கிரம் வரும் என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

விதிமுறைகளை இவரிடம் வாசிக்க முடியாது, கம்பெனியின் அசல் விதிமுறைகளை எழுதியவரே இவர்தான். பேட்டரி என்று சொல்ல முடியாது. இந்த மனிதருக்கு எதைக் கொண்டு தூக்கம் வரும், எதில் இவர் மனம் அடங்கும்? உமையாள் யோசித்தாள். பிறகு தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, தரையில் அவர் பக்கத்தில் தானும் படுத்து, திரையை இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"சார், இந்த எமுலேட்டர் புரோகிராமை நீங்க ரிவ்யூவே பண்ணல."

அவர் தலையைத் திருப்பினார்.

"கேக்கவே இல்லீங்களே நீங்க."

"இப்ப கேக்கறேன்."

"கண்ணாடி... பையில."

பெலிக்ஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டான். சென்னியப்பன் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். உதடுகள் அசைய அசைய வாசித்தார். ஒரு வரியில் நின்றார்.

"இந்த வேரியபிளுக்கு டெம்ப் டூன்னு ஒரு பேரு. அப்ப டெம்ப் ஒண்ணு எங்கீங்க போச்சு?"

"எடுத்துட்டேன் சார்."

"ஒண்ணாவது புள்ளைய வித்துட்டு ரெண்டாவதுக்கு ரெண்டாவதுன்னே பேரு வெச்சிருக்கறீங்க. என்ன ஏதுன்னு ஒரு பேரு வையுங்க."

"வெக்கிறேன் சார்."

அடுத்த வரி. அதற்கடுத்தது. அவர் குரல் தன் பழைய நிதானத்துக்கு இறங்கியது. உமையாள் திரையைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெதுவாகி, இன்னும் மெதுவாகி, ஒரே அளவுக்கு வந்தது. பெலிக்ஸ் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"இந்த எடத்துல பாருங்க, இந்த லூப்பு..."

சட்டைப் பொத்தான் நின்றது.

அவர் விரல் திரையின் மேல் அந்த வரியிலேயே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் அந்த வரியைவிட்டு நகரவில்லை. வாசிப்பதை நிறுத்த மறுத்துவிட்டவர்போல இருந்தார். உமையாளும் மூச்சுவிடவில்லை. அவள் நெஞ்சு எரியத் தொடங்கியது. எரியட்டும் என்று இருந்தாள். விரலின் நுனி வெளுத்துக்கொண்டே வந்தது.

"...ஒரு தடவை கூடுதலாச் சுத்துது," என்றார் சென்னியப்பன். "கொறைங்க."

தனபாக்கியம் அன்றே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவருடைய மகள் வழக்குப் போட்டு ஜெயித்தாள். தேறிய நிரலை நிறுத்திவைக்கக் கூடாது என்ற சட்டமும் அதன் பிறகு மாறியது. உமையாள் சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கம்பெனி கைமாறியது. பெலிக்ஸ் ஓசூருக்குப் போய், கார் பிரேக் செய்யும் ஓரிடத்தில் இருக்கிறான், இனிப்புச் சாப்பிடுவதில்லை. மொய்தீன் பாவா இன்னும் கடை வைத்திருக்கிறார். அன்று போனில் வாசிக்கப்பட்டது என்ன என்பது அவருக்குப் பிறகு தெரியவந்தது. உமையாளோடு ஒரு வருடம் பேசவில்லை. பிறகு பேசினார்.

சென்னியப்பன் சில ஆண்டுகள் கழித்து, கருவிக்குச் சம்பந்தமில்லாத நோய் ஒன்றில் இறந்தார். தகனத்துக்கு முன்னால் கருவியை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். அந்த அம்மாள் அதைக் கழுவித் துடைத்து, தானே கொண்டுவந்து உமையாளிடம் கொடுத்தார். உலகத்தில் உடம்புக்கு வெளியே இருக்கும் அந்தச் சிப் அது ஒன்றுதான்.

உமையாள் இன்னும் அதே சோதனைக் கூடத்தில்தான் வேலை செய்கிறாள். கருவி மேசையில் இருக்கிறது, ஒரு ரப்பர் பையோடு கம்பியால் இணைக்கப்பட்டு. புதிய நிரல் எதுவானாலும் அதிலும் ஓட்டுகிறார்கள். பை ஏறி இறங்குகிறது. மற்ற வரிசைகளெல்லாம் பச்சையாகி வெகுநேரம் ஆன பிறகும் அது மட்டும் தன் வேகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அது முடிக்கும்வரை யாருக்கும் எதுவும் அனுப்பப்படுவதில்லை.